தலைமாட்டுல நிக்கிறவ

பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் டூட்டி முடிச்சி வீட்டுக்கு வந்து கை கழுவுறப்போ தான் பாத்தேன், இடது மணிக்கட்டுல நாலு நகக்கீறல், ஒண்ணுல ரத்தம் கசிஞ்சி காஞ்சி போயிருந்துச்சி. யாரு பண்ணதுன்னு யோசிக்கவே வேணாம். அன்னிக்கு காலைல ஆரணில இருந்து வந்திருந்த ஒரு பட்டு நெசவுக்காரரு, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், கொலனோஸ்கோப்பி, அதான் ஆசனவாய் வழியா கேமரா வெச்ச குழாய விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட், நடக்கறப்போ என் கையத்தான் புடிச்சிக்கினு இருந்தாரு. அந்தக் குழாய், ஸ்கோப்னு சொல்லுவோம், குடலோட மொத வளைவ தாண்டுறப்போ "அம்மா, போதும்மா, உட்டுடும்மா"ன்னு கத்தினாரு, காலை மடக்கினாரு, எழுந்திரிக்கப் பாத்தாரு, ரெண்டு பேரு அழுத்திப் புடிச்சோம். முக்கா மணி நேரம் கழிச்சி ரெகவரி ரூம்ல கண்ண தெறந்தவரு எங்கிட்ட கேட்ட மொத கேள்வி, "எப்போ சிஸ்டர் ஆரம்பிப்பீங்க?"

முடிஞ்சிடுச்சிப்பான்னு சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் அவரு முகத்துல. ஒண்ணுமே தெரியல, நல்ல தூக்கம்னு சொல்லி கும்பிட்டாரு. வெளிய நின்ன பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் நிம்மதி. கேஸ் ஷீட்ல நல்லா தாங்கிக்கிட்டாருன்னு எழுதியாச்சி, அடுத்த கேஸ உள்ள கூப்டாச்சி.

எனக்கு தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கத்தினது நிஜம், கீறல் என் கைல இருக்கு, ஆனா கத்தின மனுஷனுக்கே அது தெரியல. அப்போ அந்த வலி இருந்துச்சா இல்லையா? இருந்துச்சின்னு தான் நான் அன்னைல இருந்து நம்புறேன், அத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனைச்சிக்கினு இருந்தேன்.

நான் வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில எண்டோஸ்கோப்பி ரூம் நர்ஸ், சொந்த ஊரு குடியாத்தம். டாக்டர் ஸ்கிரீனப் பாப்பாரு, டெக்னீஷியன் ஸ்கோப்பையும் சதை கிள்ளி எடுக்கற ஃபோர்செப்ஸையும் பாப்பாரு, பேஷன்டோட மூஞ்சிய பாக்கறதுக்குன்னு தலைமாட்டுல ஒருத்தர் நிக்கணும், அது என் வேலை. டெஸ்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், "மயக்கம் குடுத்துடுவீங்கல்ல, வலிக்காதுல்ல?" குடுத்துடுவோம்மான்னு சொல்லிட்டு போறது ஈஸி. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குள்ள பயம் போறது, தூக்கம், மறதி, வலி போறதுன்னு நாலு விஷயம் கலந்து கெடக்கு, அத பிரிச்சி சொல்றதுக்கு அந்த அவசரத்துல யாருக்கும் நேரம் இருக்கறதில்ல.

மிடசோலம்னு ஒரு ஊசி, நாங்க அதிகமா போடறது அதான். பயத்த கொறைக்கும், அரைத்தூக்கத்துல ஆழ்த்தும், அப்பறம் ஊசி போட்டதுக்கு அப்பறம் நடந்தத மூளைல பதியவிடாது. வலிய கொறைக்குமான்னா, கொறைக்காது. ப்ரோபோஃபால்னு பால் மாதிரி வெள்ளையா ஒண்ணு, மயக்க டாக்டர் கூட இருந்து போடறது, அரை நிமிஷம் முக்கா நிமிஷத்துல ஆள் தூங்கிடுவாங்க, நிறுத்தினா சீக்கிரம் எழுந்துடுவாங்க, ரொம்ப நல்ல மருந்து தான், ஆனா அதுவும் தூக்க மருந்து தானே தவிர வலி மருந்து இல்ல. வலிக்குன்னு போடறது ஃபென்டனைல், இல்லன்னா மயக்க டாக்டர் கொஞ்சமா சேக்கற கெட்டமின். இதுல எது எவ்ளோ போகுதுங்கறத பொறுத்து தான் அந்த ஆளு நெஜமா வலி இல்லாம இருக்காரா, இல்ல வலிய அனுபவிச்சிட்டு மறந்து போகப்போறாராங்கறது. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், ஏன்னா ரெண்டு பேருமே எழுந்து "ஒண்ணும் தெரியல"ன்னு தான் சொல்லுவாங்க. நெசவுக்காரருக்கு அன்னிக்கு போனது மிடசோலம் மட்டும் தான்.

வலி எங்க இருந்து வருதுன்னும் சொல்லணும், அது தெரிஞ்சா தான் மீதி புரியும். நிறைய பேரு நெனைக்கறது சதைய கிள்ளி எடுக்கறாங்களே, பயாப்சி, அது தான் வலிக்கும்னு. அது வலிக்காது. குடலோட உள்பக்கத்த வெட்டினா, கிள்ளினா அந்த இடத்துக்கு தெரியாது. குடலுக்கு தெரியறது இழுக்கறதும் ஊத வெக்கறதும் தான். கிணத்தாண்ட மோட்டார் ஹோஸ ஒரு முனைல இருந்து தள்ளிப் பாத்திருக்கீங்களா, அந்த முனை முன்னாடி போகாது, நடுவுல வளைஞ்சி மேல எழும்பும், அதே தான் ஸ்கோப்புக்கும். இடது பக்கம் கீழ சிக்மாய்ட்னு எஸ் மாதிரி வளைஞ்ச ஒரு குடல் இருக்கு, அங்க ஸ்கோப் வளையமா சுத்திக்கும், நாங்க லூப்னு சொல்லுவோம், அந்த லூப் குடல தூக்கி, குடல முதுகுப்பக்க சுவத்தோட புடிச்சி வெச்சிருக்கற சவ்வ இழுக்கும். உயிர் போற வலி அது. ஒல்லியா இருக்கற பொம்பளைங்களுக்கும், கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கும் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா ஆபரேஷன் ஆன எடத்துல குடல் ஒட்டிக்கினு இருக்கும், நகர்ந்து குடுக்காது. நான் பாத்த வரைக்கும் எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வர்ற அம்மாங்கள்ல நாப்பது வயசுக்குள்ள கர்ப்பப்பைய எடுத்துட்டவங்க நிறைய. அதனால ஊசி போடறதுக்கு முன்னாடியே "வயித்துல எதுனா ஆபரேஷன் பண்ணியிருக்கா"ன்னு நான் ரெண்டு தடவ கேப்பேன். சில பேரு அத ஆபரேஷனாவே கணக்குல சேக்க மாட்டாங்க, "அது இன்னா, கர்ப்பப்பை தானம்மா"ன்னுவாங்க.

அப்போ லூப் தான் வலிக்கு காரணம்னா, மருந்த இன்னும் ஏத்தறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது லூப்ப எடுக்கறது தானே? நான் எழுத வந்ததுலயே முக்கியமானது இது தான். பேஷன்ட் முனகினா "இன்னொரு ஒண்ணு குடுங்க சிஸ்டர்"னு சொல்றது பழக்கம். நல்ல கை இருக்கற டாக்டர் அப்படி சொல்ல மாட்டாரு, மொதல்ல ஸ்கோப்ப கொஞ்சம் பின்னாடி இழுப்பாரு, திருப்பி நேராக்குவாரு, இடது பக்கம் சாஞ்சி படுத்திருக்கறவங்கள மல்லாக்க திருப்ப சொல்லுவாரு, எங்கள வயித்து மேல கைய வெச்சி அழுத்த சொல்லுவாரு. காத்துக்கு பதிலா கார்பன் டை ஆக்ஸைடு விட்டா குடல் அத சீக்கிரம் உறிஞ்சிக்கும், மூச்சு வழியா வெளிய போயிடும், டெஸ்ட் முடிஞ்சும் சாயங்காலம் வரைக்கும் வயிறு பானை மாதிரி உப்பிக்கினு இருக்காது. காத்தே விடாம தண்ணிய விட்டு முன்னாடி போறதும் உண்டு, அதுல வலி கொறைவு. இதெல்லாம் பண்ணியும் வலிச்சா, அப்பறம் ஊசி. இன்னொரு விஷயம், வலி ஒரு தகவல். லூப் இறுகுது, குடல் மேல பாரம் ஏறுதுன்னு மொதல்ல சொல்றது அந்த மூஞ்சி தான், ஸ்கிரீன்ல அது தெரியாது. ஆழமா தூங்க வெச்சிட்டா அந்த தகவலும் சேந்து தூங்கிடும், அப்போ தள்ளுற கைக்கு ரொம்ப நிதானம் வேணும்.

சரி, வாய் தெறந்து சொல்ல முடியாத ஆளுக்கு வலிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? புதுசா வர்ற பசங்க எல்லாம் மானிட்டர தான் பாப்பாங்க. பல்ஸ் ஏறிச்சின்னா வலி, ஏறலன்னா இல்ல. நானும் அப்படி தான் இருந்தேன். அது எவ்ளோ ஏமாத்தும்னு அனுபவத்துல தான் தெரிஞ்சிக்கிட்டேன். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால்னு போட்டுக்கினு இருக்கற பெரியவருக்கு என்ன வலிச்சாலும் பல்ஸ் அறுவத்தஞ்சுலயே நிக்கும். குடல் ஓட்டம் அடங்கறதுக்கு பஸ்கோபான் ஊசி போட்டிருந்தா வலியே இல்லாம பல்ஸ் நூத்தி இருவதுக்கு போகும். இன்னும் கொடுமை, அந்த சவ்வு ரொம்ப இழுபட்டா நரம்பு வழியா பல்ஸ் ஏறாம தடால்னு எறங்கும், நாப்பதுக்கு வந்து வேர்த்து கொட்டும். வலிக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இல்லாம, மூணு ஆளுக்கு மூணு மாதிரி. மூளை அலைய வெச்சி மயக்கத்தோட ஆழத்த காட்டற மெஷின் இருக்கு, அதுவும் தூக்கம் எவ்ளோன்னு தான் சொல்லும். பல்ஸோட ஏத்த இறக்கத்தையும் கண்ணு பாப்பாவையும் வெச்சி வலிய அளக்கற கருவிங்க கூட வந்திருக்கு, ஆனா சாதாரண எண்டோஸ்கோப்பி ரூம்ல அதெல்லாம் எங்க இருக்கு.

மூஞ்சிய பாக்கணும். ரெண்டு புருவத்துக்கு நடுவுல ஒரு மடிப்பு விழும், அது தான் மொதல்ல. கண்ண மூடிக்கினு இருக்கறதுக்கும் கண்ண இறுக்கறதுக்கும் வித்தியாசம் உண்டு. மேல் உதடு லேசா தூக்கும். மூச்சு ஒரு நொடி நிக்கும், புடிச்சி வெச்சி அப்பறம் விடுவாங்க. போர்வைக்கு கீழ கால் விரல் சுருங்கும், இத நெறைய பேரு பாக்க மாட்டாங்க, நான் போர்வைய எப்பவும் பாதம் தெரியற மாதிரி தான் விடுவேன். கை வயித்தாண்ட போகும். ஓரக்கண்ணுல ஒரு சொட்டு தண்ணி நிக்கும். ஐசியூல பேச முடியாதவங்களுக்கு வலிய கணக்கு போடறதுக்கு 2006ல கனடாவுல ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, மூஞ்சி, உடம்பு அசைவு, தசை இறுக்கம், சத்தம் இல்லன்னா வென்டிலேட்டரோட ஒத்துப்போறது, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க், மொத்தம் எட்டு. எங்க ரூமுக்குன்னு பண்ணது இல்ல அது, இருந்தாலும் எதை பாக்கணும்னு கண்ணுக்கு பழக்கறதுக்கு அத விட நல்லது எனக்கு கெடைக்கல. உலக வலி ஆய்வு சங்கம் 2020ல வலிங்கற சொல்லுக்கு விளக்கத்த திருத்தினப்போ, பேச முடியலங்கறதுக்காக வலியே இல்லன்னு ஆகிடாதுன்னும் அதுல எழுதினாங்க. அத மொத தடவ படிச்சப்போ நெசவுக்காரரு ஞாபகம் தான் வந்துச்சி.

ஆனா நெளியறவங்க எல்லாரும் வலில தான் நெளியறாங்கன்னு எடுத்துக்கவும் கூடாது, இங்க தப்பு பண்ணா உயிருக்கே ஆபத்து. மயக்கத்துல ஒருத்தரு திடீர்னு கைய காலை ஒதறினா நான் மொதல்ல பாக்கறது மூச்சு. ஆக்ஸிஜன் கொறைஞ்சாலும் அப்படி தான் ஒதறுவாங்க, அத வலின்னு நெனைச்சி இன்னொரு ஊசி ஏத்தினா இருக்கற மூச்சும் நின்னுடும். காப்னோகிராஃப் இருந்தா விடற மூச்சு ஒவ்வொண்ணும் அலையா தெரியும், விரல்ல மாட்டற கிளிப்புல ஆக்ஸிஜன் நம்பர் எறங்கறதுக்கு முன்னாடியே அது காட்டிக்குடுத்துடும். அது இல்லாத எடத்துல நெஞ்சு ஏறி எறங்கறத கண்ணால பாக்கணும், மூக்காண்ட கைய வெச்சி பாக்கணும். மிடசோலமே சில பேருக்கு நேர்மாறா வேலை செய்யும், அமைதியாகறதுக்கு பதிலா ஆட்டம் போடுவாங்க, அவங்களுக்கு மேல மேல அதையே குடுத்தா இன்னும் மோசமாகும். சில பேருக்கு வெறும் மூத்திரம் முட்டிக்கினு இருக்கும். வயசானவங்களுக்கு பாதி அளவு தான், ஃபென்டனைல் 25 மைக்ரோகிராம் போட்டுட்டு வேலை செய்ய நேரம் குடுக்கணும், அந்த ரெண்டு மூணு நிமிஷம் பொறுக்காம அடுத்தத ஏத்தறதுல தான் வெனை வருது.

இன்னொண்ணும் சொல்லணும், நிறைய பேருக்கு தெரியாது. டெஸ்ட் முடிஞ்சி ஸ்கோப்ப வெளிய எடுத்ததும் எல்லாரும் கைய ஒதறிட்டு நகர்ந்துடுவாங்க. வலி போயிடுச்சி, ஆனா அந்த வலிய அடக்கறதுக்கு போட்ட மருந்து இன்னும் ரத்தத்துல இருக்கு. அது வரைக்கும் வலியே ஆள முழிக்க வெச்சிருந்துச்சி, இப்போ எழுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த அஞ்சு பத்து நிமிஷத்துல தான் மூச்சு அடங்கும். நலாக்ஸோன், ஃப்ளூமாசெனில்னு போட்ட மருந்த முறிக்கற மாத்து மருந்து ரெண்டும் டிராலில இருக்கணும், போட்டு எழுந்துட்டாங்கன்னு வீட்டுக்கு அனுப்பிடவும் கூடாது, மாத்து மருந்தோட வேகம் மொதல்ல தீந்துடும், பழைய மயக்கம் திரும்ப வந்து அமுக்கும்.

என் அம்மா கதைய எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடறேன். அம்மாவுக்கு ரத்தம் போச்சின்னு கொலனோஸ்கோப்பி சொன்னாங்க. நான் வேலை செய்யற எடத்துல அப்போ பண்ண முடியாத நெலம, வேற ஊர்ல ஒரு எடத்துல பண்ணோம். கர்ப்பப்பை எடுத்த ஒடம்பு, எலும்பும் தோலுமா இருப்பாங்க, நான் மேல சொன்ன அத்தனையும் இருக்கு. உள்ள வர்றேன்னு கேட்டேன், விடல. கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அம்மா குரல் கேட்டுச்சி. "வேணாம்பா, உட்டுடுங்கபா, எம்பொண்ண கூப்புடுங்க." என் பேர சொல்லி கூப்டாங்க. கதவ தட்டினேன். ஒரு பொண்ணு தலைய நீட்டி, "மயக்கத்துல தாங்கா இருக்காங்க, எதுவும் ஞாபகம் இருக்காது"ன்னுட்டு மூடிட்டா. அவ மேல கோவம் இல்ல. அதே வார்த்தைய நான் எத்தன கதவுல நின்னு எத்தன பேருக்கு சொல்லியிருக்கேன்.

அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, நெஜம் தான். ரெகவரில காபி கேட்டாங்க, "இன்னா கண்ணு மூஞ்சி இப்டி வெச்சிக்கினு கீற, அதான் நல்லா இருக்கேன்ல"ன்னு என்ன தேத்தினாங்க. அன்னிக்கு அவங்க கூப்டத நான் இது வரைக்கும் அவங்ககிட்ட சொல்லல.

கொலனோஸ்கோப்பி வலிய பத்தி 1996ல டொனால்டு ரெடல்மயரும் டானியல் கானமனும் பண்ண ஆராய்ச்சி ஒண்ணு ரொம்ப பிரபலம், பின்னாடி பொருளாதார நோபல் வாங்கின அதே கானமன் தான். டெஸ்ட் நடக்கறப்பவே 60 செகண்டுக்கு ஒரு தடவ வலி எவ்ளோன்னு 0ல இருந்து 10க்குள்ள பேஷன்டையே குறிக்க சொன்னாங்க, 154 பேரு. அப்பறம் கேட்டப்போ ஞாபகத்துல நின்னது உச்சத்துல வலிச்ச நிமிஷமும் கடைசி சில நிமிஷமும் தான், எவ்ளோ நேரம் நடந்துச்சிங்கறது அவ்ளோவா நிக்கல. 2003ல 682 பேர வெச்சி, பாதி பேருக்கு கடைசில ஸ்கோப் நுனிய அசைக்காம கொஞ்ச நேரம் கூட உள்ள விட்டு பாத்தாங்க, முடிவு அவ்ளோ வலிக்காம இருந்ததால அவங்க வலி கொறைவுன்னு சொன்னாங்க. ஒரு டாக்டர் இத எனக்கு சொன்னப்போ, பாத்தீங்களா சிஸ்டர், ஞாபகம் தான் எல்லாம்னாரு. எனக்கு அப்படி படல. எனக்கு மனசுல நின்னது நிமிஷத்துக்கு ஒரு தடவ யாரோ அந்த மனுஷங்கள கேட்டாங்களே, அது தான். நடக்கறப்போ இருந்த வலி வேற, அப்பறம் நெனைச்சிப் பாக்கற வலி வேறன்னு தனித்தனியா குறிச்சி வெச்சாங்களே, அது தான்.

டெஸ்டுக்கு போறவங்க, கூட போறவங்க யாராவது இத படிச்சா, எனக்காக சில விஷயம் கேளுங்க. தூக்க மருந்தோட வலி மருந்தும் போடுவீங்களான்னு கேளுங்க, தப்பே இல்ல. வயித்து ஆபரேஷன், பிரஷர் மாத்திரை, குறட்டை, ராத்திரி தூக்க மாத்திரை, குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீங்க, தெனமும் குடிக்கறவங்களுக்கு வழக்கமான அளவு பத்தாம போகும், டாக்டருக்கு தெரியலன்னா வலில கெடந்து துடிக்கப்போறது நீங்க தான். வீட்டுக்கு வந்தப்பறம் காத்து போனா கொறையற வலி பரவாயில்ல, வயிறு பலகை மாதிரி கெட்டியாச்சின்னா, தோள்பட்டைல வலிச்சா, காய்ச்சல் வந்தா கேஸ் மாத்திரை போட்டுக்கினு படுக்காம ஒடனே திரும்பி வாங்க. பித்தக்குழாய் கல்லுக்கு ஈஆர்சிபி, அதான் வாய் வழியா ஸ்கோப் விட்டு கல்ல எடுக்கறது, பண்ணவங்களுக்கு மேல் வயித்துல ஆரம்பிச்சி முதுகுக்கு ஓடற வலி வந்தா அது கணையம் வீங்கறதா இருக்கலாம், ராத்திரின்னு பாக்காதீங்க.

எங்க ஊர் எண்டோஸ்கோப்பி ரூம்ல இன்னொரு சங்கடம் பாஷை. வேலூர் ஆஸ்பத்திரிங்களுக்கு வங்காளத்துல இருந்து, ஜார்கண்ட்ல இருந்து, அசாம்ல இருந்தெல்லாம் காட்பாடி ஸ்டேஷன்ல ரயில் எறங்கி வர்றாங்க, சித்தூர் பக்கத்துல இருந்து தெலுங்குக்காரங்க, வாணியம்பாடி பேர்ணாம்பட்டுல இருந்து உருது பேசறவங்க. அரை மயக்கத்துல யாரும் டாக்டர் பாஷைல பேச மாட்டாங்க, தாய் பாஷை தான் வரும். வலிக்கு தெலுங்குல நொப்பி, உருதுல தர்த், வங்காளத்துல ப்யாதா, மூணையும் நான் கேட்டு கேட்டே கத்துக்கிட்டேன். அத விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, ஊசி போடறதுக்கு முன்னாடி அவங்க கைல என் கைய வெச்சி, வலிச்சா ரெண்டு தடவ அழுத்துங்கன்னு சொல்லிடுவேன். முன்னாடியே சொல்லணும், ஊசி போனப்பறம் சொன்னா மண்டைல நிக்காது.

போன மாசம் முர்ஷிதாபாத்ல இருந்து ஒரு பாட்டி, மகன் வாசல்ல நின்னுக்கினு ரெண்டு விரல காட்டி காட்டி அவங்க பாஷைல சொல்லிக் குடுத்துட்டு போனாரு. கண்ண மூடி அமைதியா தான் கெடந்தாங்க, பல்ஸ் எழுவது, ஆக்ஸிஜன் தொண்ணூத்தெட்டு, மானிட்டர்ல ஒரு கொறையும் இல்ல. சிக்மாய்ட்ல போறப்போ புருவம் மடிஞ்சிச்சி. அப்பறம் என் உள்ளங்கைல, ரொம்ப லேசா, கோழிக்குஞ்சு கொத்தற மாதிரி ஒரு அழுத்து. ஒரு நிமிஷம் பொறுத்து இன்னொண்ணு.

"சார், வலிக்குது"ன்னேன்.

சார் ஸ்கிரீன்ல இருந்து கண்ண எடுத்து என்ன பாத்தாரு, எதுவும் கேக்கல, ஸ்கோப்ப மெதுவா பின்னாடி இழுத்தாரு, திருப்பினாரு. பாட்டிய மல்லாக்க படுக்க வெச்சோம். புருவத்துல இருந்த மடிப்பு போச்சி. கைய மட்டும் அவங்க விடல, நானும் விடல, இன்னும் பாதி தூரம் இருந்துச்சி.